ஓட்டை விழுந்த வரங்கள்

நட்சத்திரங்களைக் கடந்து வருகிறவர்கள் சினிமாவில் மட்டும் ஏன் இப்படித் தோற்கிறார்கள்? ராக்கெட் நகரமான திருவனந்தபுரத்திலிருந்து ஒரு விசாரணை.

ஜூன் முதல் வாரம். திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் நிலையத்தில் குடையை மடக்கவும் மனமில்லாமல், விரித்துப் பிடிக்கவும் இடமில்லாமல் கூட்டம் ஒதுங்கி நிற்கிறது. தென்மேற்குப் பருவமழை சொன்ன தேதிக்கு வந்துவிட்டது. இந்தச் சமயம் பார்த்து வேற்றுக்கிரகவாசி ஒருவர் வந்து இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பல கோடி கோடி கிலோமீட்டர் தாண்டி வந்தவர். கையில் விஷவாயு உண்டு. உடம்பில் துணி மட்டும் கிடையாது. முக்கியமான விஷயம், அவர் மேல் தண்ணீர் பட்டால் அமிலம் பட்ட மாதிரி வெந்துபோகும். பூமியைப் பிடிக்கும் அவரது திட்டம் தம்பானூரில் எத்தனை வினாடி தாக்குப்பிடிக்கும்?

இது கேலிக்காகக் கற்பனை செய்ததல்ல. 2002-ல் வெளிவந்து உலகெங்கும் வசூலை அள்ளிய ஹாலிவுட் படம் 'சைன்ஸ்' இந்த ஆசாமிகளைத்தான் பூமிக்கு அனுப்பியது. (தலைப்பின் பொருள் 'அறிகுறிகள்', விஞ்ஞானம் அல்ல. படம் பார்த்தவர்களுக்கு இந்த விளக்கம் தேவைப்படாது.) மேற்பரப்பில் 71 சதவீதம் தண்ணீர் நிறைந்த, காற்றிலேயே ஈரம் தங்கிய ஒரு கிரகத்துக்கு, தண்ணீரே எமனான ஒரு இனம் அம்மணமாகப் படையெடுத்து வருகிறது. விண்வெளியில் வழி தவறாதவர்கள், பூமிக்கு வந்ததும் இடம் தெரியாமல் சோளக்காட்டில் வட்டம் போட்டு அடையாளம் வைத்துக்கொள்கிறார்கள். அவர்களில் ஒருவரைச் சமையலறைச் சாமான் அறையில் வைத்து மரக்கதவைச் சாத்தினால் வெளியே வரத் தெரியவில்லை.

இதில் வேடிக்கை, படத்தை எழுதி இயக்கியவர் பிறந்த ஊர்தான். எம். நைட் ஷ்யாமளன் 1970-ல் பிறந்தது மாஹேயில். புதுச்சேரி யூனியனைச் சேர்ந்த, ஆனால் மூன்று பக்கமும் கேரளம் சூழ்ந்த, நான்காவது பக்கம் கடலைப் பார்த்த துண்டு நிலம். வருஷத்தில் பாதி நாள் நனைந்தே கிடக்கும் ஊர். மலையாளித் தந்தைக்கும் தமிழ்த் தாய்க்கும் பிறந்தவர், கைக்குழந்தையாக இருக்கும்போதே அமெரிக்கா போய்விட்டதால் மழை மறந்துவிட்டது என்று மன்னித்துவிடலாம்.

மன்னிக்க முடியாதது 1996-ல் வந்த 'இண்டிபெண்டன்ஸ் டே'. 80 கோடி டாலருக்கு மேல் வசூலித்த படம். ஒவ்வொன்றும் 24 கிலோமீட்டர் அகலமுள்ள தட்டுகள் உலகின் பெருநகரங்கள் மேல் வந்து நிற்கின்றன. இங்கே நின்றால் கழக்கூட்டத்தில் ஒரு விளிம்பும் கோவளத்துக்கு அருகே மறு விளிம்பும் இருக்கும். நடுவில் பத்மநாபசுவாமி கோயில் உட்பட ஊர் முழுக்க நிழல். இவற்றை அனுப்பிய தாய்க்கலத்தின் விட்டம் 550 கிலோமீட்டர், எடை சந்திரனில் கால் பங்கு என்று படத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். சொல்லாமல் விட்டிருக்கலாம். அவ்வளவு எடையை நமது தகவல் தொடர்பு செயற்கைக்கோள்கள் சுற்றும் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் கொண்டுவந்து நிறுத்தினால், கடலை இழுக்கும் அதன் ஈர்ப்பு சந்திரனைப்போல் சுமார் 190 மடங்கு இருக்கும். பிறகு தட்டும் வேண்டாம், நெருப்புக் கதிரும் வேண்டாம். சங்குமுகம் கடற்கரையில் தொடங்கி அலையே எல்லாவற்றையும் முடித்துவிடும்.

ஆனால் அந்தப் படத்தின் உலகப் புகழ்பெற்ற ஓட்டை வேறு. கதாநாயகர்கள் 1947-ல் விழுந்து நொறுங்கிய வேற்றுக்கிரகக் கலம் ஒன்றைத் தட்டி ஒட்டி ஓட்டிக்கொண்டு தாய்க்கலத்துக்குள் நுழைகிறார்கள். சுமார் ஐம்பது வருஷம் காணாமல்போன வண்டி திரும்பி வந்ததே என்று யாரும் கேட்பதில்லை. உள்ளே போய் ஆப்பிள் கம்பெனியின் பவர்புக் லேப்டாப்பிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வைரஸை ஏற்றுகிறார்கள். எதிரியின் பாதுகாப்புக் கவசங்கள் அத்தனையும் படுத்துவிடுகின்றன.

இந்தக் காட்சியைப் பல வருஷங்களுக்கு முன்பு கல்லூரித் தோழன் ஒருவனின் வீட்டு டிவியில் பார்த்தேன். அவனுடைய அப்பா நாகர்கோவில்காரர். தும்பா ராக்கெட் மையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "எந்த ஒயர்ல மாட்டினான் மக்ளே?"

வைரஸ் எப்படி எழுதினான் என்பதல்ல அவரது சந்தேகம். எந்த முனையை எந்தப் பொந்தில் செருகினான் என்பதுதான். இரண்டு கம்பெனிகள் செய்த இரண்டு பெட்டிகளை இணைத்துப் பார்த்த கைக்கு மட்டுமே வரும் சந்தேகம் இது. 'இண்டிபெண்டன்ஸ் டே' திரைக்கு வருவதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பு, 1996 ஜூன் 4-ம் தேதி, ஐரோப்பாவின் ஏரியேன்-5 ராக்கெட் தனது முதல் பயணத்தில் 40 வினாடிக்குள் திசை மாறி வெடித்தது. முந்தைய ஏரியேன்-4 ராக்கெட்டின் சாஃப்ட்வேரை அப்படியே எடுத்துப் பயன்படுத்தியிருந்தார்கள். 64 பிட் எண் ஒன்று 16 பிட் இடத்துக்குள் அடங்கவில்லை, கதை முடிந்தது. அண்ணன் ராக்கெட்டின் சட்டை தம்பி ராக்கெட்டுக்குச் சேரவில்லை. 1999 செப்டம்பரில் நாஸாவின் செவ்வாய்க் கலம் ஒன்று அழிந்ததற்குக் காரணம் இன்னும் எளிது: ஒரு தரப்பு விசையைப் பவுண்டில் கணக்கிட்டது, மறுதரப்பு அதை நியூட்டன் என்று எண்ணிக்கொண்டது. ஒரே நாடு, ஒரே மொழி பேசுகிறவர்கள்.

திருவனந்தபுரத்துக்கும் இந்த அனுபவம் உண்டு. இங்கே உருவாகி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1979 ஆகஸ்ட் 10-ம் தேதி கிளம்பிய எஸ்.எல்.வி-3, இரண்டாம் கட்டத்தில் ஒரு வால்வு கசிந்ததால் வங்கக் கடலில் விழுந்தது. அடுத்த வருஷம் ஜூலையில்தான் வெற்றி. ஒரு வால்வுக்காக ஒரு வருஷம் உழைத்தவர்கள் வாழும் ஊரில், ஒரு லேப்டாப் ஒரே மாலையில் அண்டத்தையே வென்றது என்று சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும்.

ஆனாலும் அந்த மாமா சேனலை மாற்றவில்லை. கடைசிவரை பார்த்தார். இதுதான் யோசிக்க வைக்கும் விஷயம்.

படையெடுப்புக் கதையின் அடிப்படைக் கணக்கே நேராகாது. ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு வரத் தெரிந்தவனுக்கும் நமக்கும் உள்ள தூரம், நமக்கும் எறும்புக்கும் உள்ள தூரம். எறும்புதான் ஜெயிக்க வேண்டும், அதுவும் இரண்டரை மணி நேரத்துக்குள். ஆகவே கதாசிரியர் எதிரியின் கவசத்தில் எங்காவது ஓர் ஓட்டை போட்டே தீர வேண்டும். கேள்வி, அதை எப்போது நமக்குக் காட்டுகிறார் என்பதுதான்.

இதில் நமது புராணிகர்கள் கில்லாடிகள். ஓட்டையை முதல் அத்தியாயத்திலேயே போட்டு, அதற்கு 'வரம்' என்று பெயரும் வைத்தார்கள். மனிதனாலும் மிருகத்தாலும், பகலிலும் இரவிலும், உள்ளேயும் வெளியேயும் சாவு கூடாது என்று இரணியகசிபு கேட்டு வாங்கும்போதே, கதை கேட்பவன் மிச்சமுள்ள இடுக்கைத் தேட ஆரம்பித்துவிடுகிறான். மனிதர்களை அற்பமென்று நினைத்து வரப்பட்டியலிலிருந்து விட்டுவிட்ட ராவணனின் கதையும் அதுதான். நரசிம்மம் தூணைப் பிளந்து வரும்போது யாரும் ஏமாந்ததாக உணர்வதில்லை. கணக்கு சரியாக வந்ததென்று கைதட்டுகிறோம். ஹாலிவுட் அதே ஓட்டையைக் கடைசி ரீல் வரை ஒளித்து வைத்து, பையிலிருந்து லேப்டாப்பாக எடுக்கிறது. அங்கேதான் கோபம் வருகிறது.

கேரளத்துக்கு இதில் தனிப் பாத்தியதை உண்டு. மேலிருந்து ஓர் அந்நியன் குள்ள உருவில் வருகிறான், மூன்றடி மண் கேட்கிறான், மொத்தத்தையும் அளந்துகொள்கிறான். தோற்ற மன்னனுக்குத்தான் இங்கே வருஷம்தோறும் ஓணம். அந்தக் கதையில் ஓட்டையை முதலில் கண்டுபிடித்தவர் சுக்கிராச்சாரியார். கொடுக்காதே என்று எச்சரித்தார், வண்டாக மாறிக் கமண்டல மூக்கை அடைத்தார், தர்ப்பையால் குத்துப்பட்டு ஒரு கண்ணை இழந்தார். சினிமா விமர்சகர்களின் குலகுரு அவராகத்தான் இருக்க வேண்டும்.

இந்த அளவுகோலில் ஷ்யாமளனுக்குக் கொஞ்சம் மார்க் கூட்டிப் போடலாம். 'சைன்ஸ்' படத்தில் அந்த வீட்டுச் சிறுமி, தண்ணீர் சரியில்லை என்று குடிக்காமல் வீடெங்கும் டம்ளர்களை விட்டுவைப்பதை ஆரம்பத்திலிருந்தே காட்டுகிறார். விஞ்ஞானம் உதைக்கிறது, ஆனால் வரம் முன்கூட்டியே வழங்கப்பட்டுவிட்டது.

இந்த ரகக் கதைகளின் ஆதிமூலமான எச்.ஜி. வெல்ஸின் 'உலகங்களின் போர்' 1897-ல் தொடராக வந்து மறு வருஷம் புத்தகமானது. செவ்வாய்க்காரர்கள் மூன்று கால் இயந்திரங்களிலும் வெப்பக் கதிரிலும் லண்டனை நாசம் செய்துவிட்டு, பூமியின் நுண்கிருமிகளால் சாகிறார்கள். உயிரியல் படித்தவர் வெல்ஸ். செவ்வாயில் கிருமிகளே இல்லை என்று காரணமும் சொன்னார். அந்தத் தொடர் ஓடிக்கொண்டிருந்த அதே 1897 ஆகஸ்டில்தான் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். வெள்ளைக்காரச் சிப்பாய்களை இந்த மண்ணில் எந்த நாட்டுப் பீரங்கியையும்விட அதிகம் பயமுறுத்தியது காய்ச்சல். வெல்ஸ் போட்ட ஓட்டை, படையெடுத்துப் பழகிய ஒரு தேசத்துக்கு நன்றாகத் தெரிந்த ஓட்டை. முதல் அத்தியாயத்திலேயே அவர், ஐரோப்பியர்கள் டாஸ்மேனியப் பழங்குடிகளை என்ன செய்தார்கள் என்று நினைவூட்டிவிட்டுத்தான் செவ்வாய்க்காரர்களை இறக்குகிறார்.

ஸ்டீவன் ஸ்பீல்பர்க் 2005-ல் இதைப் படமாக்கியபோது, இயந்திரங்கள் பல லட்சம் வருஷங்களுக்கு முன்பே பூமிக்கடியில் புதைத்து வைக்கப்பட்டவை என்று மாற்றினார். கோயம்புத்தூர் பக்கம் ஆயிரம் அடிக்கு போர் போட்டவர்கள் யாரையாவது கேட்டிருக்கலாம். தண்ணீர் வராவிட்டாலும் ஒரு காலாவது தட்டுப்பட்டிருக்கும். மின்னல் தாக்கி ஊரிலுள்ள கார்களெல்லாம் செத்துக் கிடக்கும்போது கூட்டத்தில் ஒருவர் வீடியோ கேமராவில் படம் பிடித்துக்கொண்டிருப்பதும் அந்தப் படத்தில்தான்.

எப்படித் தோற்றார்கள் என்பதைவிட எனக்குப் பெரிய ஓட்டையாகப் படுவது ஏன் வந்தார்கள் என்பது. தண்ணீருக்காக என்கிறார்கள். வியாழனின் துணைக்கோள் யூரோப்பாவின் பனிக்கடியில் பூமியின் கடல்களைவிட அதிகத் தண்ணீர் இருப்பதாக விஞ்ஞானிகள் கணிக்கிறார்கள்; காவலுக்கு ஆளில்லை. உலோகம் வேண்டுமென்றால் விண்கற்களில் இருக்கிறது. நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் வந்து, அணுகுண்டு வைத்திருக்கும் கூட்டத்தோடு சண்டை போட்டு எடுத்துப் போகும்படி இங்கே மட்டும் என்ன இருக்கிறது?

இதற்கு நியாயமான பதில் சொன்ன ஒரே படம், என் கணிப்பில், ஒரு பழைய தமிழ்ப் படம். 1963 ஏப்ரலில் வெளியான 'கலை அரசி'. ஏ. காசிலிங்கம் இயக்கியது. விஞ்ஞானத்தில் முன்னேறி, கலையில் பின்தங்கிய ஒரு கிரகத்திலிருந்து எம்.என். நம்பியார் வருகிறார். அவர் தூக்கிச் செல்வது தங்கத்தையோ தண்ணீரையோ அல்ல, பி. பானுமதியை! தம் மக்களுக்குப் பாட்டுச் சொல்லித்தர. பின்னாலேயே எம்.ஜி.ஆர். போகிறார். விண்கலத்தைப் பார்த்தால் இன்று சிரிப்பு வரலாம். ஆனால் பானுமதியின் குரல் இந்த அண்டத்தில் வேறெங்கும் கிடைக்காது என்பதில் எந்த விஞ்ஞானி ஓட்டை காண்பார்?

அதே 1963 நவம்பர் 21-ம் தேதிதான் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. அமெரிக்கா கொடுத்த நைக்-அப்பாச்சி. பூமியின் காந்த நடுக்கோடு இந்த மீனவக் கிராமத்துக்கு அருகில் போவதால் தேர்ந்தெடுத்த இடம். மேரி மகதலேனா தேவாலயம் அலுவலகமானது. பாகங்கள் சைக்கிளில் வந்தன. மெட்ராஸ் தியேட்டர்களில் நம்பியார் விண்வெளிக்குப் போய் ஏழு மாதம் கழித்து, கேரளக் கடற்கரையில் சைக்கிள் கேரியரில் ராக்கெட் போனது.

1977-ல் நாஸா தானாகவே பாட்டை அனுப்பிவைத்தது. வாயேஜர் கலங்களின் தங்கத்தட்டில் கேசர்பாய் கேர்க்கரின் பைரவி இருக்கிறது. 55 மொழிகளில் வணக்கமும் உண்டு. தெலுங்கு இருக்கிறது, கன்னடம் இருக்கிறது, சிங்களம் இருக்கிறது. தமிழும் மலையாளமும் இல்லை. மொழிபெயர்ப்பாளராகப் பிழைக்கும் எனக்கு இதில் உள்ளூர வருத்தம். படையெடுத்து வருகிறவர்களின் மொழியை யார் கற்பது என்ற கேள்வியையே பெரும்பாலான படங்கள் எழுப்புவதில்லை. 2016-ல் வந்த 'அரைவல்' ஒரு மொழியியலாளரைக் கதாநாயகி ஆக்கியது அபூர்வம்.

நம்மவர்கள் இந்தச் சிக்கலைச் சுலபமாகத் தாண்டிவிட்டார்கள். 2024 பொங்கலுக்கு வந்த 'அயலான்' படத்தில் வேற்றுக்கிரகவாசி சித்தார்த்தின் குரலில் தமிழ் பேசுகிறார். தலைப்பு மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் நிறுத்தியது. பக்கம் என்ற பொருளும் உடைய 'அயல்' தமிழில் அயல்நாடு, அயலார் என்று விலகிப்போய்விட்டது. மலையாளத்தில் இன்றும் அண்டைவீடு என்ற பொருளிலேயே நிற்கிறது. குடும்பஸ்ரீ பெண்கள் கூடும் குழுவுக்கு 'அயல்கூட்டம்' என்று பெயர். ஒரே சொல், எல்லைக்கு அந்தப் பக்கம் பக்கத்துவீட்டுக்காரர், இந்தப் பக்கம் அந்நியர். அதே 2024-ல் தியேட்டருக்கு வந்த அருண் சந்துவின் மலையாளப் படம் 'ககனசாரி', வேற்றுக்கிரகப் பெண்ணை எதிர்காலக் கேரளத்தில் மூன்று ஆண்கள் குடியிருக்கும் ஃபிளாட்டுக்கே கொண்டுவந்து சேர்க்கிறது. வேற்றுக்கிரகவாசிகளை வேட்டையாடிய மாஜி வீரராக வருகிறவர் கே.பி. கணேஷ்குமார். படம் வெளிவந்தபோது அவர் கேரளத்தின் போக்குவரத்து அமைச்சர். இதை எந்தக் கதாசிரியரும் துணிந்து எழுதியிருக்க மாட்டார்.

வேற்றுக்கிரக உயிர்கள் நிஜமாகவே கேரளத்தில் இறங்கிவிட்டன என்று ஒருமுறை உலகமே பேசியது. 2001 ஜூலை 25-ம் தேதி முதல் கோட்டயம், இடுக்கி பகுதிகளில் சிவப்பு மழை பெய்தது. அதற்குமுன் பெரும் இடியோசை கேட்டதாக மக்கள் சொன்னார்கள். திருவனந்தபுரம் ஆக்குளத்தில் உள்ள புவி அறிவியல் ஆய்வு மையம், வானில் எரிகல் வெடித்துத் தூவிய தூசு என்று முதலில் சொன்னது. சில நாளிலேயே தன் கதையில் தானே ஓட்டை கண்டுபிடித்தது: மேலே சிதறிய தூசு, காற்று அடிக்க அடிக்க, அதே வட்டாரத்திலேயே எப்படித் திரும்பத் திரும்ப விழும்? கதையைக் கைவிட்டார்கள். மாதிரிகள் பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனத்துக்குப் போயின. அங்கே வளர்த்துப் பார்த்ததில் முளைத்தது டிரென்டிபோலியா என்ற பாசி. கேரளத்து மரப்பட்டைகளில் படர்ந்திருக்கும் சாதாரண உள்ளூர்ப் பாசியின் வித்துகள். நவம்பரில் அறிக்கை வந்தது.

கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் காட்ஃப்ரே லூயிஸும் சந்தோஷ் குமாரும் இதை ஏற்கவில்லை. இவை வால்நட்சத்திரத்திலிருந்து வந்த உயிரணுக்களாக இருக்கலாம் என்ற அவர்களது கட்டுரையை 2006-ல் ஒரு சர்வதேச இதழ் வெளியிட்டதும் உலகப் பத்திரிகைகள் கோட்டயத்துக்கு ஓடிவந்தன. பாசியைப் பற்றி எழுத அத்தனை பேர் வரவில்லை. தியேட்டரில் ஓட்டையைப் பார்த்துச் சிரிக்கும் நாம், செய்தித்தாளில் அதே ஓட்டையைக் கவனிக்காமல் தாண்டிப் போகிறோம். ஆக்குளத்துக்காரர்கள் மூன்று மாதத்தில் செய்தது அதற்கு நேர் எதிரான காரியம். அதைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை.

கடைசியாக, நிஜமான படையெடுப்பு ஒன்று. திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே இரண்டு மணி நேர பஸ் பயணத்தில் குளச்சல். இன்று கன்னியாகுமரி மாவட்டம், அன்று திருவிதாங்கூர். கடல் தாண்டி, மேலான கப்பலும் பீரங்கியும் பயிற்சியும் கொண்டு வந்திறங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே அரண் அமைத்தது. 1741 ஆகஸ்டில் மார்த்தாண்ட வர்மாவின் படை அதை முற்றுகையிட்டது. ஜாவாவில் வேறொரு போரில் சிக்கியிருந்த கம்பெனிக்கு அங்கிருந்து உதவி வரவில்லை. அப்போது திருவிதாங்கூரின் குண்டு ஒன்று பறந்துபோய் டச்சு முகாமின் வெடிமருந்துப் பீப்பாயிலேயே விழுந்ததாம். மூண்ட தீயில் அரிசி இருப்பு முழுவதும் சாம்பல். உலகின் மிகப்பெரிய வணிகக் கம்பெனியின் படை, சோற்றுக்கு வழியில்லாமல் சரணடைந்தது. பனந்தடிகளை வண்டியில் ஏற்றிப் பீரங்கிபோல் காட்டி மீனவர்கள் மிரட்டினார்கள் என்று இந்தப் பக்கத்தில் ஒரு செவிவழிக் கதையும் உண்டு. திரைக்கதையில் எழுதிக்கொண்டு போனால், குண்டு எப்படி சார் பீப்பாய்க்குள்ளேயே விழும் என்று தயாரிப்பாளர் திருப்பி அனுப்பிவிடுவார்.

மார்த்தாண்ட வர்மா அதோடு நிறுத்தவில்லை. பிடிபட்ட அதிகாரி டி லனாயைக் கொல்லாமல் வேலைக்கு வைத்துக்கொண்டார். உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்க உலை எழுந்தது. திருவிதாங்கூர்ப் படை ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்றது. ஒரே மாலையில் அல்ல; முப்பத்தைந்து வருஷம் ஆனது. எந்த ஒயரை எதில் மாட்டுவது என்று அந்த அந்நியரே பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். ஊர் அவரை 'வலிய கப்பித்தான்' என்று அழைத்தது.

1777-ல் இறந்த அவரது சமாதி, நாகர்கோவில் நெடுஞ்சாலையில் தக்கலையை அடுத்த புலியூர்க்குறிச்சியில், அதே உதயகிரிக் கோட்டைக்குள் கூரையிழந்த சிறிய தேவாலயத்தில் இருக்கிறது. கல்வெட்டு இரண்டு மொழிகளில். ஒன்று லத்தீன். இன்னொன்று தமிழ்.